அந்த முடிவு யாருடையது?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. எட்டு மாதமாகக் குடியைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்த வரியை மூன்று முறை படித்தேன். அடுத்த வரிதான் மனசுக்கு ஒப்பவில்லை. "இதில் எனக்கென்ன பெருமை? மூளை முடிவெடுத்துவிட்டுத்தான் நமக்குத் தகவல் சொல்கிறது, லிபெட் சோதனை ஞாபகமில்லையா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஞாபகம் இருக்கிறது. விடுதி மொட்டைமாடியில் நீதான் எனக்குச் சொன்னாய். அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்டது. சோதனைக்கு வந்தவர்களைத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கச் சொன்னார். கடிகாரம் போல ஒரு வட்டத்தில் 2.56 நொடிக்கு ஒரு சுற்று வரும் புள்ளியைக் காட்டி, அசைக்கத் தோன்றியபோது அது எங்கே இருந்தது என்று கேட்டார். எண்ணம் தோன்றியது அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்பு. மூளையின் மின் அலையோ அரை நொடிக்கும் முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை, செல்வம். ஆரோன் ஷூர்கர் என்ற மூளை ஆய்வாளர் 2012இல் அந்த அலைக்கு வேறு விளக்கம் தந்தார். மூளையில் மின் ஏற்ற இறக்கம் ஓயாமல் நடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் அசைக்கலாம் என்றால், அது தற்செயலாக உயரும் நேரத்தில்தான் பெரும்பாலும் கை அசையும். அசைந்த தருணங்களை மட்டும் அடுக்கிப் பின்னோக்கிச் சராசரி எடுத்தால், முன்பே முடிவானது போல ஓர் ஏற்றம் தெரியும். லிபெட் பார்த்ததும் நாற்பது அசைவுகளின் சராசரிதான்.

அப்புறம் 2019இல் உரி மாவோஸும் கூட்டாளிகளும் செய்த சோதனை. ஆயிரம் டாலர் நன்கொடை இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்குப் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் இரண்டுக்கும் சமமாகவே போகும் என்றபோது அந்த அலை வந்தது. தேர்வைப் பொறுத்துப் பணம் போகும் என்றபோது அலை அநேகமாகக் காணோம்!

மூளைக்கு வெளியே இன்னொரு செல்வம் உட்கார்ந்து ஆட்டிவைக்கிறான் என்று நான் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நானும் உன் கட்சிதான். ஆனால் சம்பளத்தன்று கடைத்தெருப் பக்கமே போகாமல் ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாயே, அந்த முடிவை எந்த நொடியில் எடுத்தாய் என்று கடிகாரத்தைக் காட்டிக் கேட்டால் சொல்ல முடியுமா? கை நடுங்கிய ராத்திரிகள், மகள் முகம் கொடுத்துப் பேசாத அந்த மாதம், டாக்டர் சொன்னது என்று எல்லாவற்றையும் போட்டு யோசித்து யோசித்து வந்த முடிவு அது. யோசித்தது மூளைதான், சரி. அந்த மூளை வேறு யாருடையது? பெருமைப்படு. எனக்கு நிஜமாகவே பெருமையாக இருக்கிறது.

இங்கே மழை நின்று நாலு நாளாகிறது, கிணறு நிரம்பிவிட்டது. தை இரண்டாம் வாரம் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வராதே. அந்தச் சுற்றுவழியிலேயே நடந்து போகலாம்.

உன்,
ராஜு