அண்ணாவுக்கு, மொன்செகூர் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு

அண்ணா,

வருகிற கிழமையோடு நீங்கள் யாழ்ப்பாணம் போய் ஆறு வருடம். போனில் நாங்கள் கதைப்பதெல்லாம் வெங்காய விலையும் உங்கள் முழங்காலும்தான், அதற்கு மேல் ஒன்று சொல்ல வாய் எடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் "சரி, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறோம். நான் இங்கே எழுதுவதை நீங்கள் ஒன்று விடாமல் வாசிக்கிறீர்கள் என்று மாமி சொன்னா. அதனால் இங்கேயே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரியும். சில இடங்களில் நான் பாதியில் நிறுத்துவது அதனால்தான், உங்களுக்கு மிச்சம் விளங்கும்.

போன மாதம் தெற்குப் பிரான்சில் இருக்கிற அந்த மொன்செகூர் மலைக்கோட்டைக்கு ஏறினேன்.

ஈஸ்டர் லீவுக்குத் துலூஸ் போய், அங்கே கார் வாடகைக்கு எடுத்து, மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். லாவலானே தாண்டி அந்த வளைவில் மலை திடீரென்று முன்னால் எழும்பி நிற்குமே, அங்கே காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது. 2018 ஓகஸ்டில் இதே வளைவில் நீங்கள் என் தோளில் தட்டி "பார், பார்" என்றீர்கள், நான் ரோட்டைத்தான் பார்த்தேன், உங்கள் கையைத் தட்டிவிட்டேன்.

அந்த ஒரு கிழமை முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கார்கசோன் கோட்டை எனக்குப் பிடித்தது, வாசல் வரைக்கும் காரில் போகலாம், ஐஸ்கிரீம் வாங்கலாம். உங்களுக்கு அது பிடிக்கவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியொலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் திருத்திக் கட்டியபோது வடக்கு நாட்டுக் கூரையைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டார் என்று கோபப்பட்டீர்கள். பெய்ர்பெர்த்தூஸ் கோட்டையில் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி 1242இல் கட்டச் சொன்ன அந்தப் படிகளில், பாறையோடு ஒட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கி வாங்கி ஏறினீர்கள். மேலே நின்று தூரத்தில் கெரிபூஸ் கோட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் அரகோன், இந்தப் பக்கம் பிரான்ஸ், 1258இல் இரண்டு அரசர்களும் கோர்பெய்லில் ஒப்பந்தம் எழுதி இந்த மலைகளை எல்லையாக்கினார்கள், 1659இல் எல்லை இன்னும் தெற்கே போனது, அதற்குப் பிறகு இந்தக் கோட்டைகளைத் தேட ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். நான் போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு இந்தக் கோட்டைகள் என்னவென்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிரான்சுக்கு வந்து முதல் வேலை கார்கசோன் பக்கத்தில் ஒரு ஹோட்டல் குசினியில், சீசன் வேலை, கோப்பை கழுவுவது. பேசுவதற்கு ஆளில்லை, மொழியும் இல்லை. லீவு நாளில் பஸ் பிடித்து ஏதாவது ஒரு மலையடியில் இறங்கி ஏறிவிட்டு வருவீர்கள். இவ்வளவும் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உழைத்த காசில் பாதி எனக்கு, என்னை எடுப்பதற்கு. அந்தக் கடனை நீங்கள் ஒரு தரமும் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பாரம். சொல்லிக் காட்டியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

சரி, மொன்செகூருக்கு வருகிறேன்.

அன்றைக்கு நல்ல வெயில். பாதை தொடங்குகிற புல்வெளியில், எரிக்கப்பட்டவர்களின் வயல் என்று சொல்கிற இடத்தில், அந்த நினைவுக்கல்லுக்கு முன்னால் நின்றோம். நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதையைச் சொன்னீர்கள். கத்தார்கள் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம், அவர்கள் பிழையான வேதம் சொல்கிறார்கள் என்று போப்பாண்டவர் படை அனுப்பினார், கடைசியில் அந்தக் கூட்டம் இந்த உச்சியில் போய் ஒதுங்கியது. 1243 மே மாதம் முற்றுகை தொடங்கியது. மாரிக் குளிருக்குள் மலையேறத் தெரிந்த ஆட்கள் இரவோடு இரவாகக் கிழக்குப் பக்கப் பாறையில் ஏறி அதைப் பிடித்தார்கள், அங்கிருந்து கல்லெறியும் பொறியை வைத்து அடித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் உள்ளே இருந்தவர்கள் பணிந்தார்கள். இரண்டு கிழமை தவணை. சண்டை பிடித்தவர்களும் சாதாரண சனமும் இறங்கிப் போகலாம், திருச்சபை விசாரணைக்கு வந்து பதில் சொன்னால் போதும். கத்தார்களில் வேதத்தைக் கைவிடுகிறவர்களுக்கும் உயிர் உண்டு. மாட்டேன் என்கிறவர்களுக்கு நெருப்பு.

அந்த இரண்டு கிழமைக்குள், இறங்கிப் போயிருக்கக்கூடிய இருபது பேரளவில், தாங்களாகப் போய்த் தலையில் கை வைக்கச் சொல்லி கத்தார்களின் தீட்சையை வாங்கிக்கொண்டார்கள். எரிக்கப்படுவார்கள் என்று தெரிந்து. கோட்டைத் தலைவன் ரெமோன் த பெரேயின் மனைவி கோர்பா அதில் ஒருத்தி. மகள் எஸ்கிளார்மோந்தும். கோர்பாவின் தாய் ஏற்கெனவே தீட்சை பெற்றவர். 1244 மார்ச் 16ஆம் திகதி இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூன்று தலைமுறைப் பெண்களும் எரிந்தார்கள். புருஷன் இறங்கினான். மற்ற இரண்டு மகள்களும் இறங்கினார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு நீங்கள் "போகலாம் எண்டு சொன்ன பிறகும் நிண்டவை" என்றீர்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் யாரை நினைத்துச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். 800 வருடத்துக்கு முந்தின கதையையும் எங்கள் கதையையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனாலும் அந்த வயலில் நாம் இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் நினைத்துக்கொண்டு நின்றோம்.

பிறகு "வாறியோ?" என்று கேட்டீர்கள்.

"எனக்கு ஏலாது. இடிஞ்ச கல்லைப் பாக்க இவ்வளவு தூரமோ. நீங்கள் போயிட்டு வாங்கோ."

நான் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். களைப்பு என்று பிறகு சொன்னேன். களைப்பும்தான், அதற்கு முதல் கிழமை வரைக்கும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் அது காரணம் இல்லை. மேலே போனால் நீங்கள் அவளைப் பற்றிக் கதைப்பீர்கள் என்று பயந்தேன். ஏன் அவளை நாம் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று என்னிடம் கேட்பீர்கள் என்று பயந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, எனக்கு என்ன செய்திருக்க முடியும்? காசு கட்டியது நீங்கள், யாருக்கு முதல் கட்டுவது என்று முடிவெடுத்ததும் நீங்கள். அதை நான் கேட்டேனா? நான் கேட்கவில்லையே, அண்ணா.

இதை அழித்துவிடத்தான் நினைத்தேன். இருக்கட்டும்.

நீங்கள் இறங்கி வந்தபோது முழங்கால் உரஞ்சி இரத்தம், உள்ளங்கையில் மண். நான் "இந்த வயதில இதெல்லாம் தேவையோ" என்று ஏசினேன், தண்ணீர்ப் போத்தலைக்கூட நான்தான் காரில் வைத்திருந்தேன், உங்களிடம் தரவில்லை. அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். அன்றிரவு துலூஸில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "நான் ஊருக்குத் திரும்பிப் போகப்போறன்" என்றீர்கள். நான் நிமிராமல் "போங்கோ" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். மன்னித்துக்கொள்ளுங்கோ. அதே நேரம், இருபத்துநாலு வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு, என்னை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பாட்டு நடுவில் அப்படிச் சொல்வதா? உங்களைத் தவிர எனக்கு இங்கே யார் இருந்தது?

இனி நான் எடுத்த முடிவு. ஒவ்வொரு முறையும் "எப்ப வாறாய்" என்று கேட்கிறீர்கள், யாழ்ப்பாணக் கோட்டை அகழியில் பின்னேர வெயில் விழுகிற படம் அனுப்புகிறீர்கள், பவளக்கல் சுவர் எவ்வளவு அழகு என்று எழுதுகிறீர்கள். நான் வரப்போவதில்லை, அண்ணா. பார்க்க வருவேன், இருக்க வர மாட்டேன். காணியில் என் பங்கை உங்கள் பெயருக்கு எழுத எந்தக் கடுதாசியில் கையெழுத்து வேண்டுமோ அனுப்புங்கோ, வைத்துத் தருகிறேன். கோர்பாவின் மற்ற இரண்டு மகள்களைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு இப்போதுதான் மனதில் ஏறுகிறது. பிலிப்பாவும் அர்பாயிசும். அவர்கள் இறங்கிப் போய் விசாரணைக்காரர்கள் முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள். யார் யார் மேலே இருந்தார்கள், தாய் என்ன செய்தாள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிவது இறங்கியவர்கள் வாய் திறந்ததால்தான். நான் இறங்கிய பக்கத்து ஆள். நான் வாயும் திறக்கவில்லை. மகளுக்கு அவளுடைய அத்தையின் பெயர் போன மாதம் வரைக்கும் தெரியாது. அந்த வயலில் வைத்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு "பெரியப்பா இங்க வந்தவரோ" என்று கேட்டாள்.

ஏறுவதற்கு அரை மணித்தியாலம் பிடித்தது, நடுவில் டிக்கெட் கொட்டிலில் நின்றது தவிர. கல் வழுக்கியது. மகள் முன்னால் ஓடினாள். மேலே போனால் இவ்வளவுதானா என்றிருந்தது. ஒரு வாசல், ஐந்து பக்கச் சுவர், மேற்குப் பக்கம் இடிந்த ஒரு கோபுரம். அந்தச் சுவர்கூட அவர்களுடையது இல்லையாம், பிறகு அந்த மண் கைக்கு வந்த லெவி குடும்பம் கட்டியதாம். அவர்கள் இருந்த வீடுகளின் அடித்தளம் வெளியே சரிவில், கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. காற்று அப்படி அடித்தது. எல்லாவற்றையும் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, பிஸ்கட் சாப்பிட்டு முடிக்க எங்களுக்கு இருபது நிமிடம்.

அன்றைக்கு நீங்கள் போய் வர மூன்று மணித்தியாலத்துக்கு மேல். நான் காரின் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன், அதனால் நல்ல ஞாபகம். உங்கள் முழங்காலுக்கு ஏற ஒரு மணித்தியாலம், இறங்க ஒரு மணித்தியாலம் என்றே வைத்தாலும் மிச்சம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் சின்ன முற்றத்தில், தண்ணீர் இல்லாமல், தனியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

போனில் வேண்டாம். எழுதி அனுப்புங்கோ.

தம்பி