வாஷருக்கும் சேர்த்துக் கேளுங்கள்

குழந்தைகளுக்குக் குடிநீர் கொடுக்க நிதி திரட்டும் தொண்டு அமைப்புகளுக்கு,

வணக்கம். உங்களுக்காக உண்டியல் குலுக்கியவர்களில் நானும் ஒருவன். சாயங்காலம் சில்லறையை மேசையில் கொட்டி, அடுக்கி எண்ணி, ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து அனுப்பியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் துண்டறிக்கைகளில் எப்போதும் ஒரே மாதிரி படம்தான். புத்தம்புது அடிபம்பு, பாய்ந்து வரும் தண்ணீர், கையேந்திச் சிரிக்கும் குழந்தை. பொய்யில்லை. ஆனால் அது முதல் நாள் எடுத்த படம். மூன்றாம் வருஷத்துப் படம் ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

அடிபம்பு அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். புதுசில் நாலு அடி அடித்தாலே தண்ணீர் கொட்டும். நாளாக நாளாகப் பத்து அடி, அப்புறம் இருபது. உள்ளே ஏறி இறங்கும் வாஷர் தேயத் தேய, தூக்கின தண்ணீர் மறுபடி கீழேயே நழுவிவிடும். கடைசியில் ஒருநாள் கைப்பிடி கனமே இல்லாமல் ஆடும். கிறீச் சத்தம் மட்டும் வரும். இத்தனைக்கும் அது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வளையம். ஆனால் பல பம்புகளில் அதை மாற்றுவதற்குக் குழாய் மொத்தத்தையும் வெளியே இழுக்க வேண்டும். நாலு ஆள் வேண்டும், ஸ்பேனர் வேண்டும், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். இதற்கு யாரும் உண்டியல் குலுக்குவதில்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் மூன்றில் ஒரு அடிபம்பு வேலை செய்யாமல் கிடப்பதாக 2009 இல் கணக்குச் சொன்னார்கள். புதுப் பம்புக்குத்தானே ரிப்பன் வெட்ட முடியும்?

படத்துக்கு அழகாக இருப்பது பாடாய்ப்படுத்தும் என்பதற்கு ராட்டினப் பம்பே சாட்சி. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடுவார்கள், அந்தச் சுற்றிலேயே தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்டதும் யாருக்குத்தான் பிடிக்காது? 2006 இல் பெரும் தொகை குவிந்தது. 2010 க்குள் ஆப்பிரிக்காவில் 4000 ராட்டினங்கள் என்று இலக்கு வைத்தார்கள், எட்டவில்லை. பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் சுற்றுவார்கள்? அவர்கள் போனபின் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள்தான் அதைத் தள்ளினார்கள்.

தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் போதுமா, அதுவும் இல்லை. வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்கள் என்று 1970களிலிருந்து குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்லெண்ணத்தில் குறையே இல்லை. 1993 இல் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்கிற நஞ்சு இருப்பது தெரிந்தது. நிறமில்லை, மணமில்லை, ருசியில் வித்தியாசமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பு, குடிக்கலாம் என்பதற்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணால் பார்த்து இதை யாரால் சொல்ல முடியும்? தெளிந்த தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனைச் சீட்டாவது கையில் இருக்கட்டும்.

அதனால் அடுத்த முறை பணம் கேட்கும்போது, தோண்டும் செலவோடு ஐந்து வருஷப் பராமரிப்பையும் சேர்த்தே கேளுங்கள். வாஷர், குளோரின், தண்ணீர்ப் பரிசோதனை, பழுது பார்க்கப் பழகிய ஊர்க்காரருக்குக் கூலி எல்லாம் அதில் வரட்டும். தொகை கூடும்தான். பத்து இடத்தில் போடுவதாகச் சொன்னது ஆறாகக் குறையும். குறையட்டும். ‘நிர்வாகச் செலவு’ என்றாலே முகம் சுளிக்கும் என்னைப் போன்றவர்களும் இதில் குற்றவாளிகள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. சேற்றுத் தண்ணீரைக் குடிக்கும் குழந்தையின் முகத்தை அட்டையில் போடாதீர்கள். வளர்ந்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அடுத்த வசூலுக்கும் வருகிறேன். அதற்குள் மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் போட்ட ஏதாவது ஒரு பம்பின் இன்றைய படத்தை அனுப்பி வையுங்கள். ரிப்பேராகி நின்றாலும் சரி, அதைத்தான் உண்டியலில் ஒட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உண்டியல்காரன்