தென்னை காய்த்தது

அன்பு மகளுக்கு,

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு உன் பையன், "அம்மாச்சி, வாய்க்கால் அத்தி மாதிரி தென்னையும் அடிமரத்துல காய்க்குதா?" என்று கேட்டானே, அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசித்தால், அவன் கேட்டதில் பாதி சரி.

அது காய் இல்லை, காளான். தரையை ஒட்டித் தட்டுத் தட்டாக நிற்கிறது. மேலே அரக்கு பூசினாற்போல் செம்பழுப்பு, ஓரம் மட்டும் வெள்ளை. சுண்டினால் கட்டைச் சத்தம். சுற்றிலும் பழுப்புத் தூள் படிந்திருந்தது; அதுதான் அதற்கு விதை மாதிரி. உடம்பெல்லாம் உள்ளே, வேரிலும் தண்டிலும் நூல் நூலாக ஓடுகிறது. வெளியே தெரிகிற தட்டை அதன் காய் என்றே அவனிடம் சொல்.

அத்தி இலையை வைத்து வெயிலில் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். காளானுக்கு இலை ஏது? தென்னையைத்தான் தின்ன வேண்டும். அத்தியும் ஒளிக்காமல் இல்லை, பூவைக் காய்க்குள் வைத்திருக்கிறது. சின்ன வயதில் நீ பழத்தைப் பிட்டு, "புழு" என்று தூக்கிப் போடுவாய். அது கொசுவை விடச் சிறிய குளவி. அது நுழையாவிட்டால் அத்திக்கு விதை பிடிக்காது.

காளான் உள்ளே வெகுநாளாக இருந்திருக்கிறது. தண்டின் அடியில் செம்பழுப்பாய்ச் சாறு வடிந்ததை நான்தான் தண்டைத் துளைக்கும் கூன்வண்டின் வேலை என்று விட்டுவிட்டேன். இந்த நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர். 1952 புயலுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் நம் ஜில்லாவில்தான் முதலில் கண்டார்களாம். பெருமைப்பட ஒன்றுமில்லை.

நாளை மரத்தை வேரோடு எடுக்க ஆள் வருகிறது. பக்கத்து மரங்களுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு, அடியில் 40 லிட்டர் போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். குப்பை போடுகிறது என்று அத்தியை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது வாயைத் திறப்பதில்லை.

ஒரு தட்டை அவனுக்கு எடுத்து வைக்கலாம் என்று பார்த்தேன். எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டுமாம். அவன் வரும்போது அத்திப்பழம் இருக்கும்.

அம்மா