பலமோஸில் ஐந்து இரவுகள்: ஏன் இந்த மாற்றம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஸ்பெயின் பயணத் திட்டத்தை இந்த ஆண்டு மாற்றியிருக்கிறோம். முன்பு எட்டு நாளில் ஐந்து ஊர். இப்போது பார்சிலோனாவில் இரண்டு இரவு, பலமோஸில் ஐந்து இரவு, அவ்வளவுதான். புதிய அட்டவணையைப் பார்த்ததும் பலரும் போன் செய்து, "பலமோஸா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொன்னதை முழுதாக எழுதிவிடுகிறோம்.

பார்சிலோனாவிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தூரத்தில், கோஸ்தா பிராவா கரையில் இருக்கிறது பலமோஸ். ஏறக்குறைய 18,000 பேர் வாழும் ஊர். ரயில் கிடையாது, ஜிரோனாவிலிருந்து ஓடிய குட்டி ரயிலை 1956-இல் நிறுத்திவிட்டார்கள். பேருந்தில்தான் போக வேண்டும். 1279-இல் அரகோன் அரசர் மூன்றாம் பேத்ரோ துறைமுகத்துக்கென்றே உண்டாக்கிய ஊர் இது. அந்தத் துறைமுகம் இன்றும் வேலை செய்கிறது. நாங்கள் இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரிய கடற்கரையை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடங்கள் உண்டு. கோடையில் சில நாள் சொகுசுக் கப்பலும் வந்து நிற்கும். யார் கண்ணிலும் படாத ஊர் என்று சொல்லி உங்களை அழைத்துப் போக மாட்டோம். ஆனால் சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் கிளம்பிப் போனாலும் இந்த ஊருக்குச் செய்ய வேலை இருக்கும். அப்படிப்பட்ட கடலோர ஊர்கள் அந்தக் கரையில் குறைந்துகொண்டே வருகின்றன.

மாலை நாலரை மணிக்குத் துறைமுகத்தில் நின்று பாருங்கள். காலையில் இருட்டோடு கிளம்பிய விசைப்படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும், பின்னால் கடற்காக்கைக் கூட்டம். படகு கரை சேர்வதற்குள்ளேயே மீனைத் தரம் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கியிருப்பார்கள். பெட்டிகள் நேரே ஏலக்கூடத்துக்குப் போகும். இந்த ஏலத்தில் விலை ஏறுவதில்லை, இறங்கும். மேலேயிருந்து ஓர் எண் திரையில் மளமளவென்று குறைந்துகொண்டே வரும். யார் முதலில் கையிலுள்ள பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்குப் பெட்டி. கூச்சலே இருக்காது. அரை நொடி தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துவிடுவார். போன முறை எங்கள் குழுவில் வந்த ஓர் அய்யா, வாழ்நாளெல்லாம் மளிகை மண்டி நடத்தியவர், ஒரு மணி நேரம் அந்தத் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அப்புறம் ஒரு பெட்டியைக் காட்டி, "அதை இன்னும் ரெண்டு யூரோ கம்மியா எடுத்திருக்கலாம்" என்றார்.

அங்கே எல்லாரும் காத்திருப்பது சிவப்பு இறாலுக்கு. சமைத்த பிறகு சிவப்பதல்ல, கடலிலிருந்து வரும்போதே சிவப்பு. பலமோஸுக்கு நேர் எதிரே கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகே வரை வருகிறது. பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து பிடித்த இறாலை அன்று மாலையே ஏலம் விட முடிவது அதனால்தான். குளிர்காலத்தில் இரண்டு மாதம், பெரும்பாலும் ஜனவரியும் பிப்ரவரியும், அதைப் பிடிப்பதில்லை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பது போலத்தான். ஆகவே அந்த மாதங்களில் இந்தப் பயணத்தை நடத்த மாட்டோம்.

இங்கே ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் குழுவை நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு பலமோஸில் இறக்கி, திங்கள் காலையே கிளப்பிவிட்டோம். சனி, ஞாயிறில் படகுகள் கடலுக்குப் போவதில்லை, ஏலமும் இல்லை. அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூடிய கதவுக்கு முன்னால் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை குடையை ஊன்றிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் எங்களை இன்னும் வருத்தியது. இனி ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறோம். நான்கு மாலைகள் உங்களுக்குக் கிடைக்கும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பதுக்கு. நடுவில் பல கடைகள் கதவைச் சாத்திவிடும். நமக்காக அவர்கள் நேரத்தை மாற்றச் சொல்லப் போவதில்லை. ஐந்து மணிப் பசிக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் 'சுகெத்' கேட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கு போட்டு, பூண்டும் பாதாமும் அரைத்துவிட்ட மீன் குழம்பு. விற்காத மீனில் படகுக்காரர்கள் தங்களுக்கென்று ஆக்கிக்கொண்டது. சைவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிடுங்கள். தணலில் சுட்ட கத்தரிக்காயும் சிவப்புக் குடைமிளகாயும் தோலுரித்து எண்ணெய் விட்டுத் தருவார்கள், பெயர் 'எஸ்கலிவாதா'. தக்காளியை ரொட்டியில் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்தது எந்தக் கடையிலும் கிடைக்கும். கீரை கேட்டால் அதில் பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

ஒரு நாள் காலை நடை. லா ஃபோஸ்கா கடற்கரையைத் தாண்டி, பைன் மரங்களுக்கு இடையே பாறையோரப் பாதையில் போனால் ஸல்கெர் என்ற சின்னக் குடா வரும். வண்ணக் கதவுகள் போட்ட மீனவர் குடில்கள், வாசற்படி வரை தண்ணீர். அதற்கும் அப்பால் காஸ்தெல் கடற்கரை. இங்கே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுகூட எழவில்லை. எழுந்திருக்கும், கட்டத் திட்டம் இருந்தது. 1994-இல் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். அந்த மணலில் உட்கார்ந்து இதை நினைத்துப் பார்த்தபோது அந்த ஊர்க்காரர்கள் மேல் எங்களுக்கு மரியாதை கூடியது. செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டு வாருங்கள்.

மழை வந்தால் துறைமுகத்திலேயே மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. மீன் சமைத்துக் காட்டும் இடமும் ஏலக்கூடத்துக்கு மேலேயே உண்டு. இருக்கைகள் குறைவு என்பதால் பயணத்தை உறுதி செய்யும்போதே பெயர் கொடுங்கள்.

ஊரில் ஸ்பானிய மொழி எல்லாருக்கும் தெரியும், ஆனால் வீட்டு மொழி பலருக்குக் கத்தலான், அந்தப் பகுதியின் சொந்த மொழி. கடைக்குள் நுழையும்போது அந்த மொழியில் 'போன் தியா', அதாவது வணக்கம், என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். படகிலும் கரையிலும் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். பெட்டி தூக்கி வருபவருக்கு வழி விட்டு நில்லுங்கள்.

ஆகஸ்டில் கூட்டமும் விலையும் அதிகம். அதனால் ஜூன், செப்டம்பர் மாதங்களில் மட்டும் போகிறோம். தங்குமிடம் ஊருக்குள் சின்ன விடுதி. நீச்சல்குளம் இல்லை, கடல் ஐந்து நிமிட நடை. ஸ்பெயின் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே தரலாம் என்பதால் கடைசி மாதம் வரை வைத்திருக்காதீர்கள். பழைய ஐந்து ஊர்த் திட்டத்தை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு இந்த மாற்றம் பிடிக்காவிட்டால், கட்டிய தொகை முழுவதும் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும். ஒரு போன் போதும்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்