உங்கள் தளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபீட் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதப் பராமரிப்பு பில்லில் "ஃபீட் சரிபார்த்தோம்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். அது என்ன கணக்கு என்று பலரும் போனில் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

உங்கள் தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் (feed) என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்து தட்டிப் பாருங்கள். படமும் வண்ணமும் இல்லாமல், குறிகளும் எழுத்துமாக ஒரு பக்கம் வரும். தளம் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அதுதான் ஃபீட், மென்பொருள் படிப்பதற்கான பக்கம். நீங்கள் கடைசியாகப் போட்ட 10 பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி, உள்ளடக்கம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் தளம் என்றால் இது தானாகவே உண்டு. இதற்கென்று நாங்கள் தனிக்காசு எதுவும் வாங்கவில்லை.

ஃபீட்லி, இனோரீடர், தண்டர்பேர்ட் மாதிரி ஃபீட் படிக்கும் ஆப் ஒன்றில் இந்த முகவரியை ஒருவர் சேர்த்துக்கொண்டால் போதும். நீங்கள் புதிதாக எதைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அங்கே வந்துவிடும். அவர் தன் போன் நம்பரையோ மெயில் முகவரியையோ உங்களிடம் தர வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கில் போட்டால் யாருக்குக் காட்டுவது என்பதை ஃபேஸ்புக்தான் முடிவு செய்கிறது. இங்கே அந்த இடைத்தரகு கிடையாது.

"கூகுள் ரீடரோடு இதெல்லாம் போயிற்றே?" என்று ஒருவர் கேட்டார். கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள், வாஸ்தவம். மூடியது ஒரு வாசிப்புக் கருவியைத்தான். நெட்ஸ்கேப் என்ற பழைய பிரௌசரின் காலத்தில், 1999இல் வந்த ஃபீட் இன்றும் ஓடுகிறது. பாட்காஸ்ட்கள் ஆப்புக்கு ஆப் போய்ச் சேர்வதும் ஃபீட் வழியாகத்தான். தமிழ் வலைப்பதிவுகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்குத் தமிழ்மணம் ஞாபகம் இருக்கும். அந்தத் திரட்டி அத்தனை பேருடைய பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டியதும் இப்படித்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் தலைப்பு. ஃபீடில் உங்கள் பதிவு தனியாக வராது. நூறு தலைப்புகளுக்கு நடுவே ஒரு வரியாக வரும். பக்கத்தில் கடையின் பேனர் இருக்காது, படம் இருந்தாலும் சின்னதாக இருக்கும். "புதிய வரவு", "முக்கிய அறிவிப்பு" என்றெல்லாம் வைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "நெகமம் காட்டன் சேலைகள்: தீபாவளிக்குப் புது பார்டர்" என்று வைத்துப் பாருங்கள், வேண்டியவர் தட்டுவார். விலையை மட்டும் தலைப்பில் போடாதீர்கள். ஒருமுறை வாசகரின் ஆப்புக்குப் போன வரியை நீங்கள் தளத்தில் திருத்தினாலும், அங்கே பழைய விலையே நிற்கலாம். அப்புறம் கடையில் வந்து சண்டைதான்.

முழுப் பதிவையும் ஃபீடில் தருவதா, சுருக்கம் மட்டுமா என்பதை வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில் மாற்றலாம். முழுசாகத் தாருங்கள் என்பதே எங்கள் கட்சி. அப்படியே எடுத்துத் தன் தளத்தில் ஒட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்பது நிஜம். ஆனால் அவர்களுக்குப் பயந்து, தேடி வந்து சேர்த்துக்கொண்ட வாசகரை இரண்டு வரியோடு திருப்பி அனுப்புவது நியாயமில்லை. பதிவுக்குள் உங்கள் தளத்தின் வேறு பக்கங்களுக்கு ஓரிரு இணைப்புகள் வையுங்கள். திருடினாலும் பெரும்பாலும் அவையும் சேர்ந்தே போகும்.

வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் பொருள் விற்க உதவும் கூடுதல் மென்பொருள்) கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: நீங்கள் ஏற்றும் பொருட்கள் முதன்மை ஃபீடில் வருவதில்லை, பதிவுகள் மட்டுமே வரும். அதனால் புதுச் சரக்கு வந்தால் அதைப் பற்றி ஒரு பதிவும் எழுதுங்கள். அதற்காக ஒரே நாளில் முப்பது பதிவு வேண்டாம். பத்துக்கு மேல் போனால் முதலில் போட்டவை, யாரும் எடுப்பதற்கு முன்பே ஃபீடிலிருந்து விழுந்துவிடும்.

இதே ஃபீடை வைத்து டெலிகிராம் சேனலுக்கும் வாராந்தர மெயிலுக்கும் தானாகவே அனுப்ப வைக்கலாம். வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் பழையபடி கையால்தான் அனுப்ப வேண்டியிருக்கும். டெலிகிராமோ மெயிலோ வேண்டும் என்பவர்கள், எந்தப் பிரிவுப் பதிவுகள் போக வேண்டும் என்பதையும் சேர்த்து இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். அடுத்த பராமரிப்பின்போது அமைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் இணையதளப் பராமரிப்புக் குழு