எனக்குத் தோள் கொடுத்த காரைக்குடி, ஆத்தங்குடி மக்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் இந்தியக் குடியுரிமைச் சான்றிதழ் வந்துவிட்டது. பலரிடம் நேரில் சொல்லிவிட்டேன். விட்டுப்போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பாட்டன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பத்தில், மலேசியாவின் பினாங்கில் பிறந்தவள் நான். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். இந்தியரை மணந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, 7 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை விசா நீட்டிப்பு, பதிவு, முகவரிச் சான்று என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். கடையடைக்கும் நேரத்திலும் முகம் சுளிக்காமல் ஸ்கேன் செய்து கொடுத்த இ-சேவை மையத்துத் தம்பிக்கு நன்றி. அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கிறது என்று ஓர் அலுவலகத்தில் கோப்பைத் திருப்பியபோது, உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து நோட்டரிவரை கூடவே வந்த வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி. எதிர்வீட்டு ஆச்சியோ, விசாரணைக்கு வந்தவரிடம் நான் யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் காய் நறுக்கினேன் என்பதுவரை சொல்லியிருக்கிறார்!

இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அங்கே துறந்தால்தான் இங்கே சான்றிதழ். மைகார்டு என்னும் மலேசிய அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கும் நேரம் வந்தபோது உடைந்துபோனேன். பெற்றவர்கள் இருக்கும் ஊரில் இனி நான் வெளிநாட்டவர்கள் நிற்கும் வரிசையில் நிற்க வேண்டும். “தாய்மண்ணுக்குத்தானே வந்திருக்கே, எதுக்கு அழுகை?” என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் நான் பிறந்த மண் அதுதானே. அத்தை அப்படிச் சொல்லவில்லை. கறுப்புக் கவுனி அரிசி வேகவைத்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கையில் கொடுத்து, “எங்க அய்யா பர்மாவிலேர்ந்து வந்து எத்தனையோ வருஷம் இங்க இருந்தாரு. சாகுற வரைக்கும் ரங்கூன் பேச்சுதான். நீ அழு ஆத்தா” என்றார். அந்த அரிசியே பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்ததுதான். பினாங்கில் அம்மா கறுப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பால் ஊற்றித் தருவார். அதையும் அன்று அத்தையிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். பினாங்கு தைப்பூசத்தில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த செட்டியார் கோயில் வெள்ளி ரதம், 1894இல் காரைக்குடியில் செய்து அனுப்பியது என்று வாத்தியார் ஐயா சொன்னதும் அப்போதுதான். இந்தியராவதற்காகப் பினாங்கை மறக்கச் சொல்லாத இந்த வீட்டுக்கும் ஊருக்கும் எப்படி நன்றி சொல்வேன்!

மனதில் ஒன்று உறுத்துகிறது. நான் பாஸ்போர்ட்டும் விசாவுமாக வந்தேன், வழி இருந்தது. போருக்குத் தப்பிப் படகில் வந்து, மறுவாழ்வு முகாம்களிலேயே பிள்ளை பெற்று, பேரனும் எடுத்துவிட்ட இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வழி இல்லை. ஆவணமில்லாமல் வந்தவர்களைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. அந்தக் குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைத்தான் கணக்கில் எடுத்தது. எனக்காகப் பேசிய நீங்கள் அவர்களுக்காகவும் பேச வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

அப்புறம் ஒரு செய்தி. வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6ஐயும் அந்த இ-சேவை மையத்துத் தம்பியே பதிவேற்றிவிட்டான். வெளிநாட்டிலிருந்து மருமகளோ மருமகனோ வந்திருக்கும் வீட்டுக்காரர்கள் தயங்காமல் வாருங்கள். என் விண்ணப்ப நகல்களை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஊர் மருமகள்