2024–25 ஆண்டறிக்கை: சர்ரியலிசமும் நம் காமிக்ஸும்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரி காமிக்ஸ் வாசகர்களான நாம் இந்த ஆண்டும் பழையபேட்டை அச்சக மாடியில்தான் கூடினோம். மா சீசனில் மட்டும் கூட்டம் சேரவில்லை. தோப்பு, மண்டி, மாங்கூழ் ஆலை என்று பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அந்த மாதங்களில் அழைப்பு அனுப்புவதே வீண் என்பது என் கருத்து.

பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டது 1924இல். கனவையும் அடிமனத்தையும் கலைக்கு ஊற்றாக எடுத்த இயக்கம் அது. நூற்றாண்டு என்பதால் அதையே ஆண்டுப் பொருளாக எடுத்தோம். “இது ஓவியக் கல்லூரிக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க?” என்று முதல் கூட்டத்திலேயே எதிர்ப்பு வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் பேசாமல் பையிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யை எடுத்து மேசைமேல் வைத்தார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த கதை. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு கட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினால் சர்ரியலிச ஓவியர் மக்ரித்தின் ஓவியம் என்று சொல்லி விற்றுவிடலாம் என்றார். எதிர்ப்பு அதோடு அடங்கியது.

அப்புறம்தான் விஷயம் சூடுபிடித்தது. மாயாவியின் ஆங்கில மூலம் 1962இல் இங்கிலாந்தில் வந்தது. தொடக்கக் கதைகளை எழுதிய கென் பல்மர் அறிவியல் புனைகதை எழுத்தாளர். அதே 1962இல், அதே நாட்டில், ஜே.ஜி. பல்லார்ட் லண்டன் நீரில் மூழ்கிய எதிர்காலத்தை நாவலாக எழுதினார். அதில் ஒரு பெண்ணின் வீட்டுச் சுவரில் சர்ரியலிச ஓவியர்களான டெல்வோவின் ஓவியமும் மாக்ஸ் எர்ன்ஸ்டின் காட்டு ஓவியமும் தொங்குகின்றன. வெளியே நகரத்தைக் காடு விழுங்குகிறது, உள்ளே சுவரிலும் காடு. பல்லார்ட் இதை மறைக்கவில்லை. சர்ரியலிசத்துக்குத் தான் பட்ட கடனைக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்.

காமிக்ஸ் என்றாலே ஓவியத்திடம் இரவல் வாங்கியது என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். இந்த ஆண்டு படித்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வின்சர் மக்கே, நெமோ என்ற பையனின் கனவுகளைச் சொல்லும் ‘லிட்டில் நெமோ’ காமிக்ஸை நியூயார்க் நாளிதழில் தொடங்கியது 1905இல். பிரெத்தோனின் அறிக்கைக்கு 19 ஆண்டுகள் முந்தி. 1908இல் வந்த ஒரு பக்கத்தில் நெமோவின் கட்டிலுக்குக் கால் நீண்டு, ஊர்க் கூரைகளைத் தாண்டி நடக்கும். கட்டங்களும் கட்டிலோடு சேர்ந்தே உயரமாகும். கடைசிக் கட்டத்தில் பையன் விழித்துக்கொள்வான். கனவை இப்படி வாராவாரம், வண்ணத்தில், பத்திரிகை விலைக்குக் கொடுத்தவரை ஓவிய வரலாற்றில் ஓர் ஓரத்தில்கூட உட்கார வைக்காதது அநியாயம்.

எர்ன்ஸ்ட் செய்ததையும் பாருங்கள். 1934இல் அவர் வெளியிட்ட படத்தொகை நாவலில் 182 படங்கள். எல்லாமே பழைய மலிவு நாவல்களிலும் சஞ்சிகைகளிலும் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டியவை. கோட்டுப் போட்ட கனவானுக்குச் சிங்கத்தலை, பெண்ணுக்கு வௌவால் சிறகு. ஒட்டு எங்கே என்று லென்ஸ் வைத்துத் தேடினோம், கிடைக்கவில்லை. அச்சக உரிமையாளர்தான் விளக்கினார்: ஒட்டியதைப் படமெடுத்து பிளாக் (அச்சுத் தகடு) செய்து அச்சடித்தால் எல்லாம் ஒரே கோடாகிவிடும், கத்தரி பட்ட இடம் தெரியாது.

அதிக நேரம் பேசியது எடுக்கப்படாத ஒரு சினிமாவைப் பற்றி. 1970களின் நடுவில் திரைப்பட இயக்குநர் ஹொதரோவ்ஸ்கி ‘டூன்’ அறிவியல் நாவலைப் படமாக்கக் கிளம்பினார். பேரரசர் வேடத்துக்கு சர்ரியலிச ஓவியர் சல்வடோர் டாலி. மணிக்கு 1 லட்சம் டாலர் கேட்டாராம். காட்சிகளை வரைந்தவர் பிரெஞ்சு காமிக்ஸின் மோபியஸ். அரண்மனை வடிவமைப்புக்கு சுவிஸ் ஓவியர் கீகர். பணம் புரளவில்லை, படம் நின்றது. ஆனால் அந்தக் கூட்டணி வீண்போகவில்லை. கீகரின் ஓவியம் 1979இல் ‘ஏலியன்’ படத்தின் மிருகமானது. ஹொதரோவ்ஸ்கியும் மோபியஸும் 1980இல் ‘இன்கால்’ காமிக்ஸைத் தொடங்கினார்கள். ஓவியம், புனைகதை, காமிக்ஸ் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஓசூர்ப் பக்கம் நடுகல் பார்க்கவும் போனோம். மூன்றடுக்குக் கல்லில் கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிப் போகிறார்கள், மேலே அவன் சிவலோகத்தில். “இதுவும் காமிக்ஸ்தானே” என்று இளைஞர்கள் குதித்தார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை, செத்தவனுக்கு ஊர் வைத்த கல் அது. ஆனால் ஒரே ஆள் மூன்று கட்டத்தில் வருவதைக் கீழிருந்து மேலாகப் படிக்க நம்மூர்க் கண் எப்போதோ பழகிவிட்டது என்பது சரிதான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரவல் போன புத்தகங்கள் சில இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் யாரென்று பதிவேட்டில் இருக்கிறது, பெயரை இங்கே வாசிக்க வைக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு ஜப்பானிய மங்கா என்று ஒரு யோசனையும், தமிழில் சொந்தமாக வரைந்தவர்கள் என்று இன்னொன்றும் வந்திருக்கின்றன. என் ஓட்டு இரண்டாவதற்கு. தேநீருக்குப் பிறகு கைதூக்கி முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு முன் இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்